கோணல் தாள்

இல்லாத கையில் மை ஒட்டியிருந்தது.

அவள் சமையலறைத் தொட்டியில் பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் நார். வலது முழங்கையால் பாத்திரத்தைத் தொட்டி ஓரத்தோடு சேர்த்து அழுத்தியிருந்தாள். மணிக்கட்டோடு நின்றுபோன அந்தக் கைக்கு இத்தனை வருஷத்தில் இவ்வளவு வேலையாவது பழகியிருந்தது. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்பக்கக் கடையில் மகளும் கணவரும் ஏதோ கலர் சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எப்போதும்போல இருந்த அந்த நேரத்தில்தான் வலது ஆள்காட்டி விரலின் நுனி பிசுபிசுத்தது.

அந்த விரல் இல்லை. அந்தக் கையே இல்லை.

இல்லாத கை படுத்துவது அவளுக்குப் புதிதல்ல. அரிக்கும். குளிரும். சில நாள் விரல்கள் தாமாக மடங்கி, நகம் உள்ளங்கையைக் கிழிக்கிற மாதிரி இறுகும். "மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலைம்மா, கை இருக்குன்னே நினைச்சிட்டிருக்கு" என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு வழியும் காட்டியிருந்தாள். மேஜைமேல் ஒரு கண்ணாடியைக் குறுக்காக நிறுத்து. மொட்டைக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வை. முன்னால் இடது கையை மூடி, மெதுவாகத் திற. கண்ணாடியில் தெரிவது வலது கை மாதிரியே இருக்கும். கண் ஏமாந்தால் மூளை ஏமாறும். மூளை ஏமாந்தால் இறுகின கை விடும்.

விட்டது. ஒவ்வொரு தடவையும் விட்டது. அந்தக் கண்ணாடி இன்னமும் படுக்கையறை மேஜையில்தான் நின்றது.

ஆனால் இது இறுக்கம் இல்லை. இல்லாத கட்டைவிரலால் இல்லாத ஆள்காட்டி விரலைத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. மொட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். பாத்திரச் சோப்பு வாசனைக்கு அடியில், லேசாக, ஆளிவிதை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை.

அச்சு மை.

கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். போகவே கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டத்தைத் தானே மீறிக்கொண்டு.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு போட்டால்தான் எது எங்கே என்று தெரியும். மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்துப்போன, காலால் மிதித்து அச்சடிக்கும் ட்ரெடில் மெஷின் உட்கார்ந்திருந்தது. தார்ப்பாயின் நுனியைத் தூக்கினாள். மேலே, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, மை தடவும் தட்டு. அதன்மேல் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது.

முழுவதும் அல்ல.

ஒரு ஓரத்தில் மட்டும், கேக்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி, தூசி இல்லாமல் கறுப்பாகப் பளபளத்தது. ரோலர் உருண்டு துடைத்த தடம். மெஷின் ஒரு தடவை மூடித் திறந்தால் அந்தத் தட்டு ஒரு பல் நகரும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது நகர்ந்திருக்கிறது என்றால் மெஷின் ஓடியிருக்கிறது.

மெஷின் ஓட முடியாது. அதன் பக்கத்து இரும்புக் கை இரண்டாக உடைந்து கிடந்தது.

*

"எலியா இருக்கும்" என்றார் கணவர், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும்.

"எலி எப்படிங்க தட்டைச் சுத்தும்?"

"பார்ட் டைம் வேலைக்கு வந்திருக்கும்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு மகளைப் பார்த்தார். மகளும் சிரித்தாள். "நல்ல நாளாப் பார்த்துத்தான் நீயும் அந்தப் பக்கம் போயிருக்கே. நானே சொல்லணும்னு இருந்தேன். கார்டு அடிக்க ஒரு பெரிய இடம் வந்திருக்கு. கம்ப்யூட்டர் பிரிண்ட் வேணாமாம். எழுத்து பேப்பர்ல குழியா பதிஞ்சிருக்கணுமாம், தடவினா விரல்ல தட்டுப்படணுமாம். கண்ணு தெரியாதவங்களுக்கான்னு கேட்டேன். இல்லையாம், பணக்காரங்களுக்காம்!"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அந்த மெஷினைச் சரி பண்ணணும். நாளைக்கு மெக்கானிக் வர்றார். பார்த்துட்டு முடியும்னு சொன்னார்னா நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லு, போதும். உன் அப்பா உன் பேர்ல எழுதி வச்சுட்டுப் போயிட்டாரே, நான் தொட முடியுமா? இந்த வீட்டுல நான் யாரு, கூலிக்கு இருக்கறவன்."

"யாரு ஓட்டப்போறா?"

பதில் அவளுக்குத் தெரியும். கேட்கும்போதே தெரியும்.

"நான்தாம்மா" என்றாள் பாப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்புதான். டிசைன் படிப்பு முடித்துக் கடையில் உட்கார்ந்து, நகத்துக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டு, அம்மாவைவிட ஒரு சாண் வளர்ந்தும் பாப்பு. "பேனர்ல மூஞ்சி ஒட்டி ஒட்டி எனக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சு. ஒண்ணாவது என் கையால பண்றேனே."

என் கையால. அந்தக் கையில், வலது மோதிர விரலில், ஒரு மெல்லிய வெள்ளி மோதிரம், ஒருகாலத்தில் அம்மாவுடையது. மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கை இல்லாமல் மோதிரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பாப்பு சின்ன வயசில் அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். இப்போது இறுகிப்போய்க் கழற்ற வருவதில்லை.

மெஷின் செய்தது இவ்வளவுதான். அதற்கு இரண்டு இரும்புத் தட்டுகள், தாடைகள் மாதிரி. ஒன்றில் எழுத்து நிற்கும், மற்றதில் காகிதம் படுக்கும். காலால் மிதித்தால் இரண்டும் மூடும், திறக்கும், மூடும், திறக்கும். திறந்திருக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் இடது கை அச்சான தாளை எடுக்க வேண்டும், வலது கை புதுத் தாளை வைக்க வேண்டும். தாள் கோணலாக உட்கார்ந்தால் விட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் விதி. ஒரு தாள் வீணாகட்டும், கை போகக்கூடாது. அப்பா அவளுக்கு அதைச் சொல்லித்தான் மிதிக்கவே விட்டார்.

கணவர் வேறு விதி வைத்திருந்தார். சாயங்காலம் ஆனதும் குப்பைக்கூடையிலிருந்து கோணல் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, வேலையாட்கள் எதிரில் கேட்பார்: "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" மரத்திலிருந்துதான் வருகிறது என்று ஒருதடவை பதில் சொல்லி, ஒரு வாரம் அவர் பேசாமல் இருந்ததை அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கோணல் தாளைக் கண்டால் அவள் கை தானாகவே போய் நேராக்கப் பழகிவிட்டது. பல நாள் போயிற்று, வந்தது. ஒரு நாள் வரவில்லை.

கடப்பாரை போட்டு நெம்பித்தான் திறந்தார்கள். அதில்தான் மெஷினின் பக்கத்துக் கை உடைந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் முதலில் சொன்னது: "மெஷினோட கையும் போச்சு."

'உம்'மை அவர் எந்தப் பக்கம் அழுத்தினார் என்று அவள் இன்றுவரை யோசிப்பதுண்டு.

*

மெக்கானிக் நல்ல மாதிரியான ஆள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்து, தட்டி, தடவி, எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வார்ப்பிரும்பு. சாதாரணமா வெல்டிங் வச்சா தெறிச்சுடும். மெதுவா சூடு பண்ணி, பித்தளை உருக்கி ஒட்டணும். பண்ணிடலாம் அக்கா. உங்க முடிவுதான்."

"இது இப்ப ஒரு சுத்தாவது வருமா?"

"இப்பவா? ஆனையைக் கட்டி இழுத்தாலும் வராது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் மைத் தட்டைப் பார்த்தாள். கறுப்புத் துண்டு அகலமாகியிருந்தது. நேற்று ஒரு துண்டு. இன்றைக்குத் தட்டில் கால்வாசி. அவள் பார்வை போன இடத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. இல்லாத கை மெல்ல முன்னால் நீண்டது, எதையோ வைத்தது, பின்வாங்கியது. மறுபடி நீண்டது. வைத்தது. பின்வாங்கியது. அவள் தோள் அசையவில்லை, முழங்கை அசையவில்லை. முந்தானைக்குள் மொட்டைக் கை சும்மாதான் கிடந்தது. விரல்களுக்கிடையே காகிதத்தின் விளிம்பு சரக்கென்று உரசிப்போவதை மட்டும் அவளால் உணர முடிந்தது.

கை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாம்" என்றாள். "பழைய இரும்புக்காரரை வரச்சொல்லுங்க. உடைச்சு எடுத்துட்டுப் போகட்டும்."

கணவர் மெக்கானிக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. "பயம். வேற ஒண்ணுமில்லை. இவங்க பயத்துக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து கும்பிடு போடணும். சரிம்மா, உன் அப்பன் வீட்டு இரும்பு, நீயே பேரீச்சம்பழத்துக்குப் போடு."

பாப்பு கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள். அது அவரது பேச்சைவிட அதிகமாகச் சுட்டது.

*

பழைய இரும்புக்காரர் சம்மட்டியோடு வந்தார். முழுசாக வண்டியில் ஏற்ற முடியாது, துண்டு போட்டால்தான் வாசலைத் தாண்டும் என்றார். அவள் நடைவழியிலேயே நின்றாள். சம்மட்டி மேலே போவது கதவின் இடுக்கில் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி. அப்புறம் எல்லாம் முடிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சம்மட்டி இறங்கியது.

இல்லாத மோதிர விரல் நடுக்கணுவில் முறிந்தது.

சத்தம்கூடக் கேட்டது அவளுக்கு. சுள்ளி ஒடிகிற சத்தம், இரும்புச் சத்தத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு. அவள் சுவரில் சாய்ந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். கண்ணுக்குள் வெள்ளையாக எரிந்தது. சம்மட்டி மறுபடி மேலே போவது தெரிந்தது.

"நிறுத்துங்க!"

"அக்கா?"

"நிறுத்துங்க, வேணாம், அடிக்காதீங்க! அடிக்காதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரிய நேரமாயிற்று. கடையிலிருந்து ஓடிவந்த கணவர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு திருப்தி ஏறியது. வெகுநாள் வழக்கில் தீர்ப்பு வந்த மாதிரி.

"பார்த்தியா பாப்பு? வாய்தான் வேணாம் வேணாம்னுது. உள்ளுக்குள்ள பாசம் போகலை."

மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ்மா" என்றாள் காதோரம். அவள் சொல்ல வாய் திறந்தாள். என்ன சொல்வது? என் கை அதற்குள்ளே இருக்கிறது, அதை உடைத்தால் எனக்கு ஒடிகிறது என்றா? பயத்துக்கே கும்பிடு போடமாட்டேன் என்கிறவர்கள், பைத்தியத்துக்கா போடுவார்கள்?

இப்படித்தான் அவள் சரி என்றாள்.

மெக்கானிக் இரும்பைச் சூடேற்றிய அன்று முழுவதும் அவள் குளியலறையில் மொட்டைக் கையை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. உள்ளங்கை வெந்தது. மிதிக்க யாருக்குக் கால் இருக்கிறது என்று கணவர் ஒரு மோட்டாரும் வாங்கிப் பொருத்தினார். மிதிப்பதை நிறுத்தினால் மெஷின் நிற்கும் என்ற ஒரே ஆறுதலும் அதோடு போயிற்று.

முதல் தாளை அச்சடித்துப் பார்த்த நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள். பழைய எழுத்துகளை ஒரு பக்கம் நிறைய அடுக்கியிருந்தார்கள். மெக்கானிக் தாளை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"நடுவுல பதியலை. அடியில கொடுக்கிற தாளெல்லாம் பழசு, அமுங்கிப்போயிருக்கும். மாத்திடறேன்."

மாற்றினார். மறுபடி சுற்றினார். மறுபடியும் பதியவில்லை. எழுத்தும் காகிதமும் சேரும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஏதோ இருக்கிற மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட மாதிரிச் சுத்தம்.

"அட, இது செம்மயா இருக்கே!" பாப்பு தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, பாரேன்."

கறுப்பு எழுத்துகளின் நடுவே, எழுத்தே இல்லாத வெள்ளையாக, ஒரு கை. விரித்த வலது கை. மணிக்கட்டோடு முடிந்துபோன கை. அதன் மோதிர விரல் நடுக்கணுவில் ஒடிந்து, பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது.

"டிசைன் மாதிரியே இருக்கில்ல?" என்றாள் மகள்.

"டிசைனாவது மண்ணாவது" என்று கணவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்தார். அந்தக் கையைப் பார்க்காமல், தாளின் ஓரத்தைப் பார்த்தார். "கோணலா வேற உட்கார்ந்திருக்கு. பாப்பு, ஓட்டும்போது பார்த்து ஓட்டணும். இது விலை கூடுன பேப்பர். பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?"

"சரிப்பா, சரிப்பா."

அவள் மொட்டைக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளே, அந்த ஒடிந்த விரலின் அடியில், மோதிரம் இருந்த இடம் சில்லென்று குளிர்ந்தது. எதையோ கேட்கிற மாதிரி.

*

ஒரு மழை நாளில் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மெக்கானிக் எதையோ ஏற்றி இறக்கி, ஒருவழியாக நடுவிலும் பதிய வைத்துவிட்டுப் போயிருந்தார். கணவர் காகிதம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். முழுசாக ஓட்டுவது நாளைக்குத்தான், அவர் வந்த பிறகுதான், என்று பேச்சு.

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பின்னறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள்.

"பாப்பு?"

"சும்மா ஒரு வீடியோ எடுக்கறேம்மா! நீ நடுவுல வந்து கையை எடு கையை எடுன்னு கத்தாதே, அதான் தாழ் போட்டிருக்கேன்!"

"பாப்பு, அப்பா வரட்டும்—"

மோட்டார் உறுமியது. அந்தச் சத்தம். தடக்… சரக். தடக்… சரக். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தாளம் அவள் உள்ளங்காலில் ஏறி முதுகுத்தண்டு வழியாகப் போயிற்று; மழைச் சத்தத்தை விழுங்கியது, ஃபேன் சத்தத்தை விழுங்கியது, வீடு முழுக்க அது ஒன்றுதான் மூச்சு விட்டது. கையிலிருந்த துணி நழுவியது. இல்லாத கை நீண்டது. வைத்தது. பின்வாங்கியது. நீண்டது. வைத்தது.

இந்தத் தடவை அது தனியாக இல்லை.

பக்கத்தில் இன்னொரு கை போய்வந்துகொண்டிருந்தது. அதன் காற்று பட்டது. அதன் வெதுவெதுப்பு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இன்னும் பக்கத்தில்.

அவள் ஓடினாள். கதவை இடது கையால் அறைந்தாள். "பாப்பு! கதவைத் திற! திறடி!" தோளால் இடித்தாள். தேக்குக் கதவு. அப்பா போட்டது. அசையவில்லை. உள்ளே தடக், சரக். தடக், சரக். மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது நடுநடுவே கேட்டது. வெளியே கத்துவது எதுவும் பாப்புவுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு நின்றது.

"ச்சே" என்றாள் மகள், கதவுக்கு அந்தப் பக்கம். நாக்கைத் தட்டிக்கொண்டாள். "கோணல்."

"விட்டுடு! பாப்பு, விட்டுடு, போகட்டும்!"

இல்லாத கை மூடியது.

எதன்மேலோ. சூடாக. மெத்தென்று. விரல்கள். நாலு சின்ன விரல்கள். அதில் ஒன்றில் மெல்லிய வளையமாக, சில்லென்று, ஒரு மோதிரம்.

மெயின் சுவிட்ச். அவளுக்கு அது ஞாபகம் வந்தது. நடைவழியில் ஓடி, முட்டிமோதி, பெட்டியைத் திறந்து, இழுத்தாள். வீடு இருண்டது. ஃபேன் தளர்ந்து நின்றது. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. கடையின் கம்ப்யூட்டர் ஒரு பீப் சத்தத்தோடு செத்தது.

தடக்… சரக்.

தடக்… சரக்.

கரண்ட் இல்லாத வீட்டில், இருட்டில், சீராக.

"அம்மா?" மகளின் குரல். சின்னதாக. பயந்துகூட இல்லை, குழந்தையாக இருந்தபோது ரோட்டைக் கடக்கையில் சிணுங்குவாளே, அந்த மாதிரி. "அம்மா… எப்ப உள்ள வந்தே? கையை விடு. வலிக்குது."

அவள் படுக்கையறைக்குள் ஓடினாள். மேஜை. கண்ணாடி. போனைத் தடவி எடுத்து டார்ச்சைப் போட்டு ஒரு டம்ளர்மேல் சாய்த்து வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். மொட்டைக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் திணித்தாள். இடது கையை முன்னால் நீட்டினாள். மூடினாள்.

கண் ஏமாறணும். மூளை ஏமாறணும். கை விடும். ஒவ்வொரு தடவையும் விட்டிருக்கிறது.

"அம்மா, விடும்மா—"

இடது கையைத் திறந்தாள். ஐந்து விரலும் விரிய, நரம்பு புடைக்க, முடிந்தமட்டும் திறந்தாள்.

கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் அந்த வலது கை மூடியே இருந்தது.

மணிக்கட்டுவரை கறுப்பு மை. ஒடிந்து மடங்கின மோதிர விரலில் அவளுடைய வெள்ளி மோதிரம், பழைய இடத்தில், பொருத்தமாக. அந்த முஷ்டியின் இடுக்கில் வரிசையாக நாலு விரல்நுனிகள் எட்டிப்பார்த்தன.

நகங்களில் நீலச் சாயம்.

மகளின் குரல் நின்றுவிட்டது. அவள் இடது கையை விரித்தபடியே இருந்தாள். இன்னும் விரித்தாள். கதவுக்கு அப்பால் மெஷின் மூடியது, திறந்தது, மூடியது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் கண்ணாடிக்குள்ளே அந்த முஷ்டி இன்னும் கொஞ்சம் இறுகியது.